கூடை தூக்கிய கோடை

உங்களில் சிலருக்காவது அது நினைவிருக்கும். ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் மூடியிருந்த கோடை. பழவேற்காட்டில் பஸ் நிற்கிற இடத்தில், மீன் விற்கப் போகும் பெண்களின் வரிசையில், தலையில் கூடையோடு ஒரே ஒரு ஆம்பிளை நிற்பார். அவருடைய கைலியைப் பிடித்துக்கொண்டு, புருவம் மேலே இழுபடும் அளவுக்கு இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடையோடு ஒரு சிறுமி நிற்பாள். அந்தச் சிறுமி நான். கூடையைச் சுமந்து நின்றவர் என் அப்பா, நைனா.

நீங்கள் சிரித்தீர்கள். ஊரே சிரித்தது. எங்கள் ஊர் தோணிரேவில் மீன் பிடிப்பது ஆண்களின் வேலை, அதைக் கொண்டுபோய் விற்பது பெண்களின் வேலை. ஆண்பிள்ளை கூடை தூக்கி அதுவரை யாரும் பார்த்ததில்லை. இப்போது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அந்தக் கோடையில் எங்கள் வீட்டு ஆண்கள் மூன்று பேர், தாத்தா, நைனா, அண்ணன், மனதுக்குள் என்ன நினைத்துக்கொண்டு நடமாடினார்கள் என்று அறிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது. கேட்பதற்கு இரண்டு பேர் உயிரோடு இல்லை. மூன்றாவது ஆள் போன மாதம் என் வீட்டுக்கு வந்துவிட்டுப் போனான். அவன் வந்துபோன பிறகுதான் இதையெல்லாம் உங்களுக்குச் சொல்லலாம் என்று தோன்றியது.

எல்லாம் அம்மா குவைத்துக்குப் போனதில் தொடங்கியது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் மூடிக்கொண்டு, தொடர்ந்து இரண்டு வருஷம் மீன் உள்ளே வரவில்லை. வலையை இழுத்தால் பாசியும் சேறும்தான் வரும். அந்த நேரத்தில் ஒருவர் வந்து, குவைத்தில் வீட்டு வேலைக்குப் பெண்கள் தேவைப்படுகிறார்கள் என்று சொன்னார். அம்மா அப்போது கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, தான் போவதாகச் சொன்னாள். அவ்வளவுதான் அவள் சொன்னது.

தாத்தாவுக்கு அது பிடிக்கவில்லை. "போறதுன்னா ஆம்பள போவணும். பொம்பளைய அனுப்பிட்டு அடுப்பாண்ட குந்துவியா நீ?" என்று நைனாவைக் கேட்டார். ஏரியை மட்டும் தெரிந்தவனை அங்கே யார் கூப்பிடுகிறார்கள் என்று நைனா பதில் சொன்னார். பொங்கல் முடிந்த கையோடு அம்மா கிளம்பினாள். கூடையைப் பின்சுவரில் ஆணியடித்துக் கவிழ்த்து மாட்டிவிட்டு, தலையில் வைக்கிற சும்மாட்டை அதன்மேல் செருகி வைத்தாள். பழைய பச்சைப் புடவையைச் சுருட்டித் தைத்த சும்மாடு அது. அவள் போன பிறகும் பல நாள் அதில் அவளுடைய தலை எண்ணெய் வாசமும் மீன் வாசமும் சேர்ந்து அடிக்கும். நான் யாருக்கும் தெரியாமல் எடுத்து முகர்ந்துவிட்டு அதே இடத்தில் வைப்பேன். ஒருநாள் நான் போனபோது நைனா அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும், எலி கடித்திருக்கிறதா என்று பார்த்ததாகச் சொன்னார்.

முதலில் எங்கள் மீனைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்து அனுப்பினோம். அவருக்கு அவருடைய மீனை விற்கவே பொழுது சரியாக இருந்தது. எங்களுடையது பாதி திரும்பி வரும். காலையில் இரத்தச் சிவப்பாக இருந்த செவுள் மாலையில் வெளுத்துப்போய்க் கிடக்கும். நைனா ஒவ்வொரு மீனாக எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்ப்பார், உள்ளே யாரையோ தேடுவது போல. பள்ளிக்கூடம் லீவு விடுகிறவரை இப்படிப் பார்த்தார். பிறகு ஒருநாள் காலையில் ஆணியிலிருந்து கூடையை எடுத்தார். சும்மாட்டை எடுக்கவில்லை. தன் துண்டையே சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டார்.

என் சடையும் அப்படித்தான் அவர் கைக்குப் போனது. பள்ளிக்கூடம் போகும் நாளில் நான் தலையை விரித்துப்போட்டு அழுதுகொண்டு நின்றேன். நைனா வந்து உட்கார்ந்து, ஒரு வார்த்தை கேட்காமல் பின்னிவிட்டார். அவர் விரல்கள் நைலான் நரம்பில் பழகியவை. வலை முடிச்சுப் போலவே இறுக்குவார். சாயந்தரம்வரை ஒரு மயிரிழை கலையாது. ராத்திரி அவிழ்ப்பதற்குத்தான் கஷ்டம். அவருக்கு எப்படிப் பின்னத் தெரியும் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பெண்கள் மட்டுமே இருந்த வீட்டில் அவர் வளர்ந்தார் என்பதும், தன் தங்கைக்குப் பின்னிப் பழகியவர் என்பதும் வெகுநாள் கழித்து அத்தை சொல்லித்தான் தெரிந்தது.

ஏன் பெண்கள் மட்டும் இருந்த வீடு என்றால், தாத்தா ரங்கூனில் இருந்தார். நைனா வயிற்றில் இருந்தபோது கப்பல் ஏறியவர். நடுவில் இரண்டு முறை வந்துபோனார். அங்கிருந்த நம் ஜனங்களையெல்லாம் பர்மா சர்க்கார் திருப்பி அனுப்பியபோது ஒரேயடியாகத் திரும்பி வந்தார். அப்போது நைனாவுக்கு மீசை அரும்பியிருந்தது. படகிலிருந்து இறங்கியவர், கரையில் நின்ற நைனாவிடமே வந்து, இன்னார் வீடு எது என்று நைனாவின் அம்மா பெயரைச் சொல்லிக் கேட்டாராம். நைனா முன்னால் நடந்து வழி காட்டினாராம். இதை எங்கள் வீட்டில் சிரிப்புக் கதையாகத்தான் சொல்வார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறேன்.

தாத்தா அங்கே ஒரு பெரிய அரிசி மில்லில் மேஸ்திரி. அவர் சொன்னால் முந்நூறு பேர் மூட்டையைத் தூக்குவார்களாம், சொன்னால் இறக்குவார்களாம். ஊரில் அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். தேக்குப் பெட்டி ஒன்று கொண்டுவந்திருந்தார். மூடியைத் திறந்தால் கற்பூரமும் மிளகும் கலந்த மாதிரி ஒரு வாசனை வரும். உள்ளே பட்டுக் கைலிகள் இரண்டும் ஒரு கருப்புக் குடையும் இருந்தன. அவர் வலை தொட்டு நான் பார்த்ததில்லை. வெள்ளைச் சட்டையின் கைப்பித்தானைப் போட்டுக்கொண்டு கரையில் உட்கார்ந்து, வருகிற படகையும் போகிற படகையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

விடியற்காலையில் நைனா வலையெடுத்துவிட்டு வருவார். பொன்னேரிவரை பஸ்ஸின் பின்பக்கம். அங்கிருந்து ஒரு ஸ்டேஷன் தூரம் ரயில், அனுப்பம்பட்டு. அங்கேதான் அம்மாவுக்கு வாடிக்கைத் தெருக்கள் இருந்தன. லீவு விட்டதிலிருந்து என்னையும் கூட்டிப்போனார். வீட்டில் தனியாக விட மனமில்லை என்று சொன்னார். அது பாதிதான் உண்மை. மீதி உண்மையை முதல் நாளே தெரிந்துகொண்டேன்.

ரயிலில் கூடைக்காரப் பெண்கள் ஏறுகிற பெட்டியில் நைனா ஒருவர்தான் ஆண். ஒரு அம்மாள், அடுத்த வாரம் பூ வைத்துக்கொண்டு வருவாயா என்று கேட்டார். பெட்டி முழுக்கச் சிரித்தது. நைனாவும் லேசாகச் சிரித்தார். கேட்ட அந்த அம்மாளே நகர்ந்து, கூடை வைக்க இடம் விட்டார். இறங்கி முதல் தெருவின் முனையில் நின்றோம். நைனா வாயைத் திறந்தார், மூடினார். எதிர்க்காற்றில் கரையிலிருந்து படகுக்குக் கூப்பிட்டால் கேட்கும் தொண்டை அவருடையது. அன்றைக்கு அதில் ஒரு சத்தமும் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் குனிந்து, "நீ கூவு பாப்பா," என்றார்.

கூவினேன். அம்மா கூவுவது எனக்குத் தெரியும். ஏரி மீன் என்று தொடங்கி, மடவை, கெளுத்தி, கிழங்கான் என்று அன்றைக்குக் கூடையில் இருப்பதையெல்லாம் சொல்ல வேண்டும். என் குரல் கீச்சென்று போகும். நாலு கதவு திறக்கும். நைனா தரையில் உட்கார்ந்து கூறு வைப்பார். அவர் வைக்கிற கூறு எல்லாம் ஒரே அளவாக இருக்கும். பேரம் பேசத் தெரியாது. ஒரு பெண் கூறு சின்னதாக இருக்கிறது என்றால், இன்னும் ஒரு மீனை எடுத்து வைப்பார். இதைத் தெரிந்துகொண்ட தெருவில் கொஞ்ச நாள் எல்லோருக்கும் கூறு சின்னதாகத்தான் தெரிந்தது. பிறகு அவர்களே ஒரு நியாயத்துக்கு வந்தார்கள். குவைத்திலிருந்து சேதி வந்ததா என்று கேட்பார்கள். சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்பார்கள்.

நடக்கிற வழியெல்லாம் நைனா என்னிடம் எதையாவது கேட்டுக்கொண்டே வருவார். ரயிலுக்கு முன்னாலும் என்ஜின், பின்னாலும் என்ஜினா? பள்ளிக்கூடத்தில் உலகம் உருண்டை என்றார்களே, அப்படியானால் அம்மா இருக்கிற இடத்தில் இப்போது வெயிலா, இருட்டா? எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததற்கும் எதையாவது சொல்வேன். எல்லாவற்றையும் ஒரே மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்.

அம்மாவிடமிருந்து கேசட் வந்தது. பக்கத்து வீட்டு டேப்ரிக்கார்டரில் போட்டுக் கேட்டோம். அம்மாவின் குரல் தகரத்துக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. பதில் பேசி அனுப்ப வேண்டும் என்று நைனாவை உட்காரவைத்தார்கள். அவர் தொண்டையைச் செருமி, எல்லாம் நல்லா இருக்கிறது, மீன் விற்றுவிடுகிறது என்றார். யார் விற்கிறார்கள் என்று சொல்லவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன். என் முட்டியில் லேசாகக் கை வைத்தார்.

அண்ணனுக்கு அப்போது பதினாறு வயது. அவனோடு சுற்றுகிற பையன்கள் அவனைக் கூடைக்காரி மகன் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அவன் வீட்டில் சாப்பிடுவதைக் குறைத்தான், பிறகு பேசுவதைக் குறைத்தான். ஒருநாள், சென்னை காசிமேட்டில் விசைப்படகில் ஆள் கேட்கிறார்கள், போகிறேன் என்றான். நைனா வேண்டாம் என்றார். தாத்தா உள்ளே போய்ப் பட்டுக் கைலிகளையும் குடையையும் எடுத்து வெளியே வைத்துவிட்டு, காலித் தேக்குப் பெட்டியைத் தூக்கிவந்து அண்ணன் முன்னால் வைத்தார். ஆம்பிளைப் பிள்ளை வெளியே போகட்டும் என்றார். அந்தப் பெட்டி பிறகு காசிமேட்டில் ஒரு மழையில் எங்கேயோ போய்விட்டது. அதன் வாசனையை எதில் தேடினாலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அண்ணன் கிளம்பியதும் நாங்கள் போகும் அதே பஸ்ஸில்தான். அவன் முன்வாசல் வழியாக ஏறிப் பெட்டியோடு முன்னால் உட்கார்ந்தான். நானும் நைனாவும் கூடையோடு பின்னால். பொன்னேரியில் அதே ரயில். அவன் வேறு பெட்டியில் ஏறினான். அனுப்பம்பட்டில் நாங்கள் இறங்கினோம். மற்ற நாட்களில் இறங்கியதும் நடக்க ஆரம்பிக்கிற நைனா அன்றைக்குப் பிளாட்பாரத்திலேயே நின்றார். ரயில் நகர்ந்தது. அண்ணன் உட்கார்ந்திருந்த ஜன்னல் எங்களைத் தாண்டிப் போனது. அவன் அந்தப் பக்கம் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நைனா கையைத் தூக்கப் பார்த்தார். கூடையைப் பிடித்திருந்த கை. பாதி தூக்கி, மறுபடி கூடைக்கே கொண்டுபோய்விட்டார்.

அன்று வீட்டுக்குத் திரும்பியதும் நைனாவும் தாத்தாவும் சண்டை போட்டார்கள். எனக்குத் தெரிந்து அவர்கள் போட்ட ஒரே சண்டை. பையன் போனதற்குக் காரணம் நீதான் என்று தாத்தா ஆரம்பித்தார்.

"ரங்கூன்ல மேஸ்திரியா இருந்தவன் நான். எம்புள்ள தெருத்தெருவா மீன் கூவினு போறான்."

நைனா கூடையைக் கழுவிக்கொண்டே, "நான் கூவல நைனா. எனக்குக் கூவ வரல. பாப்பா தான் கூவுது," என்றார்.

அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. தாத்தாவுக்குக் கோபம் அதிகமானது. மானம், மரியாதை என்று என்னென்னவோ சொன்னார். நைனா கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீ போன. துணி வந்துது, பொட்டி வந்துது. நீ வரல. எம்புள்ளைங்களுக்கு நான் இங்க கீறேன்."

தாத்தா எழுந்து கரைக்குப் போனார். இருட்டுகிற வரைக்கும் வரவில்லை. சோறு போட்டு நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிச் சாப்பிட்டார். நைனாவைப் பற்றி ஏதாவது திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றேன். தட்டைக் கழுவிக் கொடுத்துவிட்டு, அனுப்பம்பட்டில் எத்தனை தெரு என்று கேட்டார். வீம்புக்குக் கேட்கிறார் என்று அப்போது நினைத்தேன்.

இதற்குப் பிறகு கொஞ்ச நாளில் நைனாவின் காலில் கெளுத்தி முள் ஏறிவிட்டது. வலையை இழுத்து முடித்துக் கரைக்கு வரும்போது மிதித்திருக்கிறார். பாதம் வீங்கிப் பளபளவென்று இருந்தது. ஊன்ற முடியவில்லை. கூடை நிறைய மடவை. அந்த வருஷத்தில் அப்படி ஒரு மீன் வாய்த்ததே இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நைனா கூடையையும் காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

தாத்தா வந்தார். மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். கூடையில் இருந்த மீனை இரண்டு சின்னக் கூடைகளில் பிரித்துப் போட்டார். கயிறு கட்டி, ஒரு மூங்கில் கழியின் இரண்டு முனையிலும் தொங்கவிட்டார். கழிக்கு அடியில் தோளைக் கொடுத்து ஒரே எம்பில் எழுந்து நின்றார். "வா," என்றார் என்னிடம். நைனா பார்த்துக்கொண்டே இருந்தார்.

தாத்தா நடந்த நடை எனக்கு இன்றும் கண்ணில் இருக்கிறது. கழி மேலும் கீழும் துள்ளியது. அதன் துள்ளலுக்கு ஏற்றபடி அவர் முழங்கால் மடங்கி நிமிர்ந்தது. கூடை இரண்டும் ஆடவே இல்லை. கரையில் உட்கார்ந்தே இருந்த கிழவருக்கு இந்த நடை எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. ரயிலில் கூடைக்காரப் பெண்கள்கூட அவரைக் கேலி செய்யவில்லை. வழிவிட்டு நின்றார்கள்.

தெருமுனைக்கு வந்ததும் நான் கூவ வாயைத் திறந்தேன். வேப்பமர நிழலில் போய் நிற்கச் சொன்னார். கழியை இறக்கிவைத்தார். ஒரு கையைக் காதருகில் வைத்துக்கொண்டார். முதலில் தரையோடு ஊர்வது மாதிரி ஒரு சத்தம் வந்தது. அது நீண்டுகொண்டே போய், நிற்கப்போகிறது என்று நினைக்கும்போது, கடைசியில் சட்டென்று மேலே ஏறியது. "பே... பியோ..." என்று கேட்டது எனக்கு. தாத்தாவே திடுக்கிட்டுப்போய் நிறுத்தினார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அதே ராகத்தில் "மீனே" என்று போட்டார்.

கதவுகள் திறந்தன. தாத்தா குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு பெண்ணையும் தாயே என்றார். மீனை எடுத்து இலையில் வைப்பதே பார்க்க அழகாக இருந்தது. கூறு சின்னது என்று யாராவது ஆரம்பிக்கும் முன்பே, அவர்கள் சிரிக்கிற மாதிரி எதையோ சொல்லிவிடுவார். நைனா மதியம்வரை விற்கிற மீனைத் தாத்தா இரண்டு தெருவிலேயே முடித்துவிட்டார்.

திரும்பும்போது ஸ்டேஷனில் எனக்கு ஒரு ஐஸ் வாங்கிக் கொடுத்தார். கழியை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கேட்டேன், பேபியோ என்றால் என்னவென்று. வேகவைத்த பட்டாணி என்றார். விடியற்காலையில் ரங்கூன் தெருக்களில் அப்படித்தான் கூவி விற்பார்களாம். சுடச்சுட இலையில் கட்டிக் கொடுத்தால் சோற்றோடு பிசைந்து சாப்பிடுவார்களாம்.

"நீ மில்லுல மேஸ்திரின்னாங்களே தாத்தா?"

"மில்லு மொத வருசம். மூட்ட தூக்கினேன். அப்பறம் மூடிட்டான்."

"அப்பறம்?"

"பட்டாணி வித்தேன். வர்ற வரிக்கும்."

என் கையில் ஐஸ் கரைந்து முழங்கைவரை ஒழுகியது. அதைத் தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டார். அந்த வெள்ளைச் சட்டையால். பிறகு சொன்னார்:

"வூட்ல சொல்ல வேணாம். ஒங்க நைனாவுக்கு நான் மேஸ்திரியாவே இருந்துட்டுப் போறேன்."

நான் சொல்லவில்லை. ஆனால் அனுப்பம்பட்டுப் பெண்கள் சும்மா இருப்பார்களா? கால் சரியாகி நைனா மறுபடி போன முதல் நாளே, உங்கள் அப்பாவுக்கு என்ன குரல், இனிமேல் அவரையே அனுப்பு என்றார்கள். நைனா அப்படியா என்று கேட்டுக்கொண்டார். திரும்பி வரும் வழியில், தாத்தா எப்படிக் கூவினார், கூவிக் காட்டு என்றார். கூவினேன். ராகத்தை மட்டும்தான் கூவ நினைத்தேன். அந்த வார்த்தையும் சேர்ந்து வந்துவிட்டது. அது என்ன வார்த்தை என்று கேட்பார் என்று பயந்தேன். எதைப் பார்த்தாலும் கேள்வி கேட்கிற மனிதர் அதை மட்டும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில், கூடையைத் தூக்கும் முன்பு நைனா ஏரியைப் பார்த்து நின்று கூவிப் பார்த்தார். ஆரம்பம் சரியாக வந்தது. நடுவிலேயே மேலே ஏற்றிவிட்டார். குரல் உடைந்துபோயிற்று. மறுபடி முயன்றார், மறுபடி உடைந்தது. கொஞ்ச தூரத்தில் கவிழ்த்துப்போட்ட படகின்மேல் தாத்தா உட்கார்ந்திருந்தார். முகம் தண்ணீரைப் பார்த்தே இருந்தது.

"அங்க தூக்காத. தொண்ட போயிடும். கடேசில தூக்கு," என்றார்.

நைனா திரும்பிப் பார்த்தார். அப்பனும் பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது ஒரு மூச்சு நேரம் இருக்கும். பிறகு நைனா மறுபடி கூவினார். கடைசியில் தூக்கினார். சரியாக வந்தது. கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தோம். அன்றைக்கு வழிநெடுக நைனா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அவருக்கு எதுவரை தெரிந்திருந்தது? அப்போதே எல்லாம் புரிந்துவிட்டதா, இல்லை முன்பே ரங்கூனிலிருந்து வந்த வேறு யாராவது சொல்லியிருந்தார்களா? நானும் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். தாத்தா சாகும்வரை வீட்டில் அவர் மேஸ்திரியாகவே இருந்தார். நைனாவும் அவரை விட்டுக்கொடுத்துப் பேசியதில்லை. அந்தக் கோடை முழுவதும் தாத்தா தன் பிள்ளையைப் பார்த்து வெட்கப்பட்டார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தெருவில் கூவி விற்ற தன்னையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று இப்போது நினைக்கிறேன். அதுவும் சரியோ என்னவோ.

அம்மா இரண்டு வருஷம் கழித்து வந்தாள். விஷயமெல்லாம் கரையில் இறங்கும் முன்பே அவள் காதுக்குப் போயிருந்தது. நைனாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரமே கூடையை எடுத்துக்கொண்டு அனுப்பம்பட்டுக்குப் போய்விட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். ஏன் மீன்காரர் வரவில்லை என்று தெருவுக்குத் தெரு கேட்டார்களாம். நைனாவுக்கு அன்றைக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. அதன் பிறகு தினமும் பஸ் நிற்கும் இடம்வரை கூடையை அவர் தூக்கிவந்து, அங்கே அம்மா தலைக்கு மாற்றிவிடுவார். உங்களில் யாரும் அதைப் பார்த்துச் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. பழகிவிட்டது போல.

இனி அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். காசிமேட்டில் பல வருஷம் இருந்தான். கல்யாணம் ஆனது. பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போது வளைகுடாவுக்குப் போனான். மீன் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை என்றான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவான். வரும்போது வாசனைத் திரவியமும் பாதாமும் டார்ச் லைட்டும் வரும். போன வருஷம் ஒரேயடியாகத் திரும்பிவிட்டான். போன மாதம் நான் வாழ்க்கைப்பட்ட ஆரம்பாக்கத்துக்கு என்னைப் பார்க்க வந்தான். அவன் மகன்தான் பைக்கில் கூட்டிவந்தான். இருபத்துமூன்று வயதுப் பையன். வந்ததும் நல்லா கீறீங்களா அத்தை என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாசலில் பைக்கின்மேல் உட்கார்ந்து போனைப் பார்க்க ஆரம்பித்தான்.

அண்ணன் காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். பையன் தன்னிடம் பேசுவதே இல்லை என்றான். எது கேட்டாலும் ம் என்கிறானாம். திட்டினாலும் ம், காசு கொடுத்தாலும் ம். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டான்:

"நைனா கூட அவ்ளோ தூரம் நடப்பியே, இன்னா பேசினு போவீங்க ரெண்டு பேரும்?"

எனக்கு அந்தக் கேள்வி ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அவன் அந்தக் கோடையைப் பற்றி வாயே திறந்ததில்லை. நைனா கேட்ட கேள்விகளைச் சொன்னேன். என்ஜின், வெயில், இருட்டு. அவன் லேசாகச் சிரித்தான். பிளாட்பாரத்தில் நைனா நின்றதைச் சொன்னேன். எதிர்ப்பக்க ஜன்னல் கண்ணாடியில் நைனா தெரிந்தார், பார்த்தேன் என்றான். பிறகு, தாத்தாவும் போய்விட்டார், நைனாவும் போய்விட்டார், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றி, பட்டாணிக் கதையைச் சொன்னேன். யாரிடமும் சொல்லாத கதை. தேக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போனவன் அவன்தான் என்பதால், அவனுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று பட்டது.

அண்ணன் வெகுநேரம் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தான்.

"நானும் சூப்பர்வைசர் இல்ல," என்றான்.

நான் டம்ளரை அவன் கையிலிருந்து வாங்கி வைத்தேன்.

"மீன் வெட்டற எடத்துல போட்டாங்க. செதில் ஒரசி, கொடல எடுத்து, துண்டு போடணும். நம்மூர்ல பொம்பளைங்க செய்ற வேல. மொத நாள்லேர்ந்து கடேசி நாள் வரிக்கும் அதான்."

சொல்லிவிட்டு எழுந்தான். அவன் போகப்போகிறான் என்று நினைத்தேன். வாசலுக்குப் போய், பைக்குக்குப் பக்கத்தில் நின்றான். மகன் தலையைத் தூக்கவில்லை. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். அண்ணன் செருப்புக் காலால் மண்ணைத் தள்ளிக்கொண்டே கேட்டான்:

"டேய், அங்க நான் இன்னா வேல செஞ்சேன்னு தெரியுமா ஒனக்கு?"

"மீன் வெட்டற வேல," என்றான் பையன். போனிலிருந்து கண்ணை எடுக்காமல், மணி கேட்டால் மணி சொல்வது மாதிரி சொன்னான்.

அண்ணன் மண்ணைத் தள்ளுவதை நிறுத்தினான். யார் சொன்னது என்று கேட்டான். ஒருவரும் சொல்லவில்லை என்றான் பையன். இப்போதுதான் தலையைத் தூக்கினான்.

"சின்னதுல நீ லீவுக்கு வருவல்ல. சோறு ஊட்டுவ. வெரல் பூராக் கோடு கோடா வெட்டு இருக்கும். சூப்பர்வைசருக்கு எதுக்கு அது? நானும் அம்மாவும் பேசிப்போம்."

"அப்ப ஏன்டா கேக்கல?"

"நீயே சொல்லுவன்னு இருந்தோம்."

அண்ணன் தன் கைகளைப் புரட்டிப் பார்த்தான். பையன் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டான். பைக்கிலிருந்து இறங்கி, அதன் சீட்டைத் தட்டிவிட்டு, அப்பாவை உட்காரச் சொன்னான். அண்ணன் உட்கார்ந்தான்.

"அங்க இன்னா மீனு நைனா வரும்?" என்று கேட்டான் பையன்.

அண்ணன் கொஞ்சம் யோசித்தான். பிறகு இரண்டு கைகளையும் விரித்து, ஒரு மீனின் நீளத்தைக் காட்டினான்.